பதினோராம் நம்பர் மிஷின்

ஜூலை 5, வெள்ளி

இது அப்பாவின் அலுவலக டைரி. ஆறு வருடம் பழையது. அப்பா பதினாறு பக்கங்கள்தான் எழுதியிருக்கிறார். ஜீப் எங்கே போனது, எத்தனை கிலோமீட்டர், யார் ஏறினார்கள், அவ்வளவுதான். நான் பதினேழாம் பக்கத்தில் தொடங்குகிறேன். அச்சடித்த தேதியை அடித்துவிட்டு மேலே புதுத் தேதி போட்டுக்கொள்கிறேன்.

எழுதத் தொடங்கக் காரணம் உண்டு. ஆகஸ்ட் 31 வரை எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை யாராவது ஒருவர் ஒழுங்காகக் குறித்து வைக்க வேண்டும். அம்மாவுக்கு நேரமில்லை.

அப்பா அரசு அலுவலகத்தில் ஓட்டுநராக இருந்து இறந்துபோனதால், அதே அலுவலகத்தில் அம்மாவுக்குத் தட்டச்சர் வேலை கொடுத்தார்கள். கொடுக்கும்போதே, குறிப்பிட்ட காலத்துக்குள் அரசுத் தட்டச்சுத் தேர்வில் தேற வேண்டும் என்று ஆணையில் எழுதிவிட்டார்கள். ஆங்கிலம் முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். தமிழ்தான் மிச்சம். போன ஆகஸ்டில் ஆறு மதிப்பெண்ணில் போயிற்று. பிப்ரவரியில் அம்மாவுக்குக் காய்ச்சல், எழுதப் போகவில்லை. இந்த ஆகஸ்ட்தான் கடைசி. தேறாவிட்டால் வேலை போய்விடும். அப்புறம் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான், வேறு ஒன்றும் இல்லை.

ஜூலை 6, சனி

இன்று அம்மாவோடு லூர்து டீச்சரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனேன். உடுமலை கடைவீதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடி. பதினான்கு மிஷின்கள். எல்லாவற்றுக்கும் முதுகில் வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர் உண்டு. தமிழ் மிஷின்கள் மூன்றுதான்: நான்கு, ஒன்பது, பதினொன்று.

அம்மா அலுவலகத்தில் கணினியில்தான் அடிக்கிறாள். பிறகு ஏன் தேர்வு மட்டும் இந்த இரும்பு மிஷினில் என்று கேட்டேன்.

“அதைய என்னைக் கேக்காத கண்ணு. அரசாங்கத்தைக் கேளு,” என்றாள் அம்மா.

“இதுல அடிச்சவ எதுலயும் அடிப்பா,” என்றார் லூர்து டீச்சர். “விரலுக்கு எலும்பு இருக்குதுன்னு இந்த மிஷின்தான் காட்டிக் குடுக்கும்.”

அம்மா அவர் பக்கம் பார்க்காமல் பதினோராம் நம்பரின் உறையை எடுத்தாள். அதுதான் இருப்பதிலேயே பழையது. கீக்கள் வட்டமாக, ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளி வளையம். எழுத்துகள் தேய்ந்து பாதிக்கு மேல் தெரியவில்லை. அம்மாவுக்கு அது தேவையும் இல்லை, பார்க்காமல்தான் அடிக்க வேண்டும்.

தமிழ் மிஷினில் புள்ளிக்கு என்று தனியாக ஒரு கீ. வலது கைச் சுண்டுவிரலால் அடிக்க வேண்டும். முதலில் புள்ளி, அப்போது ரோலர் நகராமல் நிற்கும். பிறகு எழுத்து வந்து புள்ளிக்குக் கீழே உட்காரும். எனக்கு இது மிகவும் பிடித்தது.

அம்மாவின் வலது சுண்டுவிரல் சற்று வளைந்திருக்கும். பீரோ கதவு பட்டுவிட்டது. அதில் பலம் கிடையாது. பதினோராம் நம்பரில் மட்டும் புள்ளிக் கீ தொட்டாலே விழும். எத்தனையோ வருடம் எத்தனையோ பேர் அடித்து அடித்து உள்ளே ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதாம். அதனால் அம்மா அதில்தான் உட்காருவாள். விரலைப் பற்றி டீச்சரிடம் சொல்லவில்லை. அலுவலகத்திலும் சொல்லவில்லை. வேலைக்குச் சேரும்போது உடல் தகுதி என்று மருத்துவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். விரல் சரியில்லை என்று தெரிந்தால் தேர்வு வரைகூட வைத்திருக்க மாட்டார்களோ என்று அம்மாவுக்குப் பயம்.

ஜூலை 9, செவ்வாய்

அம்மாவுக்கு இன்று வேகம் கூடியிருக்கிறது. கணக்கில் எனக்கு நாற்பத்தொன்று.

ஜூலை 14, ஞாயிறு

சமூக அறிவியல் புத்தகத்தில் ஒரு பக்கத்தை எடுத்துப் பென்சிலால் குறித்துக் குறித்துப் புள்ளிகளை எண்ணினேன். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. தேர்வின் வேகத் தாளில் பத்து நிமிடத்துக்கு ஏறக்குறைய அந்தப் பக்க அளவுதான் வரும். அப்படியென்றால் பத்து நிமிடத்தில் அந்தச் சுண்டுவிரல் இருநூறு தடவை அடிக்க வேண்டும். ஒரு புள்ளி விழாவிட்டால் ஒரு பிழை.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

“எண்ணாத சஷ்டி. எண்ணினா பயமா இருக்குது.”

மாவில் சுண்டுவிரலை மட்டும் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தாள். குழி குழியாக இருந்தது. அந்தச் சப்பாத்திகள் நன்றாகவே வந்தன.

ஜூலை 20, சனி

பதினோராம் நம்பர் இல்லை.

நாங்கள் மாடியேறியபோது லூர்து டீச்சர் கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். ஆறு மேசைகள் காலி. மேசையில் மிஷின் இருந்த இடம் மட்டும் கறுப்பாகச் சதுரம் சதுரமாக இருந்தது.

“பழைய மிஷினெல்லாம் குடுத்துட்டேன் கோகிலா. பொள்ளாச்சி ரோட்டுல ஒரு தம்பி காபிக்கடை வெக்குது. அந்தக் காலத்துச் சாமானா வேணுமாம். நல்ல மிஷின் குடுக்கறேன் தம்பின்னா வேண்டாங்குது. வட்டக் கீ வெச்சதுதான் வேணுமாம். இரும்புக்கடைக்குப் போறதை ஒரு மனுசன் கும்புட்டு வாங்கீட்டுப் போறான், நான் வேண்டாம்னா சொல்லுவேன்?”

அம்மா காலி மேசையின் மீது கையை வைத்தபடியே நின்றாள்.

“பதினொண்ணுமா டீச்சர்?”

“அதைத்தான் மொதல்ல தூக்கினான். ஏம்மா, நாலும் ஒம்பதும் இருக்குதுல்ல? உனக்கு நாலு. பரீட்சைக்கும் அதையே டெம்போல ஏத்தி அனுப்பிடறேன். பழகிக்கோ.”

அரசுத் தேர்வுக்கு மிஷின்களை இன்ஸ்டிட்யூட்காரர்களே கொண்டுபோய்த் தேர்வு மையத்தில் வைக்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. யார் எந்த மிஷினில் பழகினார்களோ அதிலேயே எழுதுவார்கள். அதனால்தான் அம்மா இத்தனை நாள் பதினோராம் நம்பரை நம்பி இருந்திருக்கிறாள்.

ஜூலை 21, ஞாயிறு

நான்காம் நம்பரில் அம்மா ஒரு பக்கம் அடித்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ‘அமமமமம’ என்று குழந்தை பேசுவதுபோல் இருந்தது தாள். புள்ளியே இல்லை. விழுந்த ஒன்றிரண்டும் ஊசியால் தொட்டதுபோல மங்கல். இரண்டாம் பக்கத்தில் சுண்டுவிரலுக்குப் பதில் மோதிர விரலால் புள்ளி அடித்துப் பார்த்தாள். உடனே மற்ற எல்லா விரல்களுக்கும் வழி தப்பிவிட்டது. த அடிக்க வேண்டிய இடத்தில் ம, ம அடிக்க வேண்டிய இடத்தில் ட.

லூர்து டீச்சர் தாளை உருவிப் பார்த்தார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

“இது எப்போ ஆச்சு?”

“பீரோ கதவு டீச்சர். காத்துல சாத்திக்கிச்சு.”

“பீரோ கதவு காத்துல சாத்துமா கோகிலா?”

நான் சன்னல் பக்கம் போய்விட்டேன். கீழே மருந்துக்கடையில் ஒரு அண்ணன் அட்டைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பதினேழு பெட்டிகள்.

“இதையச் சொல்லியிருந்தா வித்திருப்பனா புள்ள?” என்று டீச்சர் மெதுவாகச் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

ஜூலை 22, திங்கள்

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 27, சனி

காபிக்கடைக்குப் போனோம். பெயர் ‘அந்தக்காலம்’. இன்னும் திறக்கவில்லை, ஆகஸ்ட் 15 திறப்பு. உள்ளே போனதும் எனக்கு ஒரு பெரிய வீட்டின் பரணைக் கீழே இறக்கி வைத்ததுபோல் தோன்றியது. வானொலிப் பெட்டிகள், சுற்றுகிற டயல் வைத்த தொலைபேசி, குத்துவிளக்கு, சைக்கிள் டைனமோ. ஒவ்வொரு மேசையிலும் ஒரு தட்டச்சு மிஷின். ரோலரில் தாளுக்குப் பதில் காபி, டீ விலைப்பட்டியல் செருகியிருந்தார்கள்.

கடைக்காரரின் பெயர் நிரஞ்சன். பெங்களூரில் கணினி வேலை செய்தவர். கோபப்படுகிற மனிதரே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“ஆன்ட்டி, இந்தச் சத்தம் கேட்டாலே எனக்குக் கண்ணு கலங்கிடும். எங்க தாத்தா நோட்டரி. அவர் மடியில உக்காந்து மணி அடிக்கறதைக் கேப்பேன். இப்ப யாருங்க இப்படி ஒவ்வொரு எழுத்தையும் யோசிச்சு அடிக்கறாங்க? அழிக்க முடியாதுல்ல, அதான் அழகு.”

“ஆமாங் தம்பி. அழிக்க முடியாதுங்,” என்றாள் அம்மா.

பதினோராம் நம்பர் வாசலுக்கு எதிரே நல்ல இடத்தில் இருந்தது. யாரும் தூக்கிப் போகாமலிருக்க அதை மேசையோடு போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள்.

கல்லாவுக்குப் பக்கத்தில் இன்னொரு மிஷின் இருந்தது. வெண்ணெய் நிறம். மின்சாரத்தில் ஓடுவது, ஆங்கிலம். நிரஞ்சன் அண்ணன் பிளக்கைச் செருகியதும் பூனை மாதிரி முனகியது. “அடிச்சுப் பாருங்க ஆன்ட்டி.”

தமிழில் புள்ளி இருக்கும் அதே இடத்தில் ஆங்கிலத்தில் அரைப்புள்ளி இருக்கிறது. அம்மா அந்த வளைந்த விரலை அதன்மேல் வைத்தாள். வைத்ததுதான். டக்கென்று விழுந்தது. மறுபடி. மறுபடி. ஒரு வரி முழுவதும் அரைப்புள்ளியாகவே அடித்தாள், எல்லாம் கறுப்பாக, ஒரே அழுத்தத்தில். அம்மா சிரித்தாள். பிப்ரவரிக்குப் பிறகு அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்க்கவில்லை.

“பரீட்சையில கரண்டு மிஷின் சேத்துக்க மாட்டாங்க கண்ணு,” என்று நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டு எழுந்தாள்.

பிறகு நிரஞ்சன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். விரலையும் காட்டினாள். தேர்வு முடியும்வரை பதினோராம் நம்பரைக் கொடுங்கள் என்று கேட்டாள். அவர் மேசையில் முடுக்கிய போல்ட்டைத் தொட்டுப் பார்த்தார்.

“திறப்பு விழாவுக்கு இது வேணும் ஆன்ட்டி, போஸ்டர்லயே இதுதான் இருக்குது. ஒண்ணு பண்ணலாம். நீங்க தினம் சாயங்காலம் இங்கயே வந்து அடிச்சுப் பழகுங்க. கடைக்கும் நல்லா இருக்கும், ஒரு உயிரோட்டமா. பரீட்சைக்கு ரெண்டு நாள் முன்னாடி நானே கழட்டி லூர்து டீச்சர்கிட்ட சேத்துடறேன். சத்தியமா.”

அம்மா சரி என்று சொல்லிவிட்டாள். வேறு என்ன சொல்வாள்?

ஆகஸ்ட் 2, வெள்ளி

அலுவலகம் விட்டு நேராகக் காபிக்கடை. நான் பள்ளியிலிருந்து அங்கே போய்ப் பக்கத்து மேசையில் வீட்டுப்பாடம் எழுதுகிறேன். அம்மா ஒரு மணி நேரம் அடிக்கிறாள். புள்ளிகள் விழுகின்றன. இன்று மொத்தம் நான்கு பிழைகள்தான். நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

திறப்பு விழா. பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

நிரஞ்சன் அண்ணன் அம்மாவைக் கைத்தறிச் சேலையில் வரச் சொல்லியிருந்தார். தலையில் கனகாம்பரமும் அவர்தான் வாங்கி வைத்திருந்தார். கூட்டம். வந்தவர்கள் எல்லாரும் அம்மா அடிப்பதைச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

“அய்யோ, எவ்ளோ க்யூட்!”

“ஆன்ட்டி, என் பேர் ஒண்ணு அடிச்சுக் குடுங்களேன், ப்ளீஸ்.”

“ஏனுங், இது உண்மையாலுமே அடிக்குதா, இல்ல சும்மா சத்தமுங்களா?”

யாரோ கேட்ட ஒரு பாட்டைப் பாதி அடித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் தன் சின்னப் பெண்ணைத் தூக்கி மிஷின்மேல் உட்கார வைத்துப் படம் எடுத்தார். குழந்தை இரண்டு கையாலும் கீக்களை அறைந்தது. கம்பிகள் கொத்தாகச் சிக்கிக்கொண்டன. அம்மா ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டாள். கோபிக்கவில்லை. அந்தக் குழந்தையின் கன்னத்தில் மை பட்டிருந்ததைத் தன் முந்தானையால் துடைத்தும் விட்டாள்.

வீட்டுக்கு வந்து பூவை எடுத்து ஆணியில் மாட்டினாள். “இன்னும் பதினாறு நாள்,” என்றாள்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

திறப்பு விழாவில் யாரோ எடுத்த வீடியோ எல்லார் கைபேசியிலும் சுற்றுகிறது. எங்கள் வகுப்பில்கூட மூன்று பேர் காட்டினார்கள். அம்மாவின் விரல்களை மிக அருகில் காட்டி, பின்னால் புல்லாங்குழல் இசை போட்டிருக்கிறார்கள். கீழே ஒருவர் எழுதியிருக்கிறார்: ‘அந்தக் காலத்து மனுஷிகளின் கை.’ அம்மாவுக்கு வயது முப்பத்தொன்பது. இன்னொருவர் எழுதியிருக்கிறார்: ‘சுண்டுவிரலைக் கவனிச்சீங்களா? வளைஞ்சு இருக்கு, பாவம்.’

அம்மாவின் கண்காணிப்பாளர் துரைராசு சாரும் பார்த்துவிட்டார். அம்மாவைக் கூப்பிட்டு, கவர்மென்ட் சம்பளம் வாங்கிக்கொண்டு காபிக்கடையில் என்ன வேலை என்று கேட்டாராம். பழகத்தான் போகிறேன், காசு எதுவும் வாங்குவதில்லை என்று அம்மா சொன்னாளாம். பிறகு, “விரல் என்னாச்சு?” என்று கேட்டாராம்.

“என்ன சொன்னம்மா?”

“சுளுக்குன்னு சொன்னேன்.”

“பொய்தானே?”

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் போய்த் துணிகளை மடித்து வைத்தேன்.

ஆகஸ்ட் 24, சனி

இந்த டைரியில் உண்மையை மட்டும் எழுதுவது என்று நினைத்திருந்தேன். பின்னால் புரட்டிப் பார்த்தால் ஜூலை 5 அன்று பிப்ரவரியில் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று எழுதியிருக்கிறேன். காய்ச்சல் இல்லை. கையில் கட்டுப் போட்டிருந்தாள். தேர்வுக்கு ஐந்து நாள் இருந்தது.

திருப்பூர்ப் புத்தகக் கண்காட்சிக்கு எங்கள் பள்ளியில் அழைத்துப் போனார்கள். பெயர் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். பரீட்சை முடியட்டும், அடுத்த வருடம் போகலாம் என்று அம்மா சொன்னாள். எல்லாம் உன் பரீட்சை, உன் பரீட்சை என்று நான் கத்தினேன். அப்போது அம்மா பீரோவில் ஏதோ எடுத்துக்கொண்டிருந்தாள். நான் கதவைச் சாத்தினேன். கை உள்ளே இருந்ததை நான் கவனிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனால் எப்படி என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள் என்று அம்மா போகவில்லை. கணியூர்ப் பக்கம் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடம் பஸ்ஸில் போனோம். அவரிடமும், பக்கத்து வீட்டு அக்காவிடமும் அம்மாதான் முந்திக்கொண்டு சொன்னாள், காற்றில் சாத்திக்கொண்டது என்று. என்னைப் பார்க்காமலே சொன்னாள். அதன்பிறகு நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

இரண்டு பிழைகள் மட்டும். இரண்டு பிழைகள் மட்டும்! அம்மா தாளைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். நாளை நிரஞ்சன் அண்ணன் மிஷினைக் கழற்றிவிடுவார்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

நேற்றே வந்திருக்க வேண்டிய மிஷின் இன்று மாலைதான் இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்தது. கீழே டெம்போவில் மற்ற மிஷின்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நிரஞ்சன் அண்ணன் தன் காரிலிருந்து தாமே தூக்கி வந்தார். மேலே பட்டுத்துணி போர்த்தியிருந்தது.

“கண்ண மூடிக்குங்க ஆன்ட்டி. ம், இப்ப பாருங்க!”

மிஷின் பளபளவென்று இருந்தது. துருவெல்லாம் போய்ப் புதுக் கறுப்புப் பெயின்ட். கீக்களில் எழுத்துகள் வெள்ளையாக, தெளிவாக. முதுகில் 11 என்ற நம்பர் மட்டும் இல்லை.

“கோயம்புத்தூர்ல ஒரே ஒரு மெக்கானிக்தான் இருக்காரு. ரெண்டு நாளா அவர்கூடவே உக்காந்து பண்ணேன். எல்லா ஸ்பிரிங்கும் புதுசு. எல்லாம் தொளதொளன்னு போயிருந்துச்சாம், இதுல எப்படி அடிச்சாங்கன்னு அவரே ஆச்சரியப்பட்டாரு. உங்களுக்கு ஒரு கிஃப்ட்டா இருக்கட்டும்னுதான்.”

அம்மா உட்கார்ந்தாள். சுண்டுவிரலைப் புள்ளிமேல் வைத்து அழுத்தினாள். கீ பாதி இறங்கித் திரும்ப மேலே வந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி மேலே வந்தது.

லூர்து டீச்சர் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

“என்னாச்சு ஆன்ட்டி? நல்லா இல்லீங்களா?”

“ரொம்ப நல்லாருக்குதுங் தம்பி,” என்றாள் அம்மா. “புதுசு மாதிரியே இருக்குது.”

பழைய ஸ்பிரிங் எங்கே என்று நான் கேட்டேன். மெக்கானிக் கடையில் போட்டுவிட்டு வந்துவிட்டார்களாம். இப்போது போனால் கிடைக்குமா என்று கேட்டேன். குப்பையோடு அள்ளிப் போயிருப்பார்கள் என்றார். அதன்பிறகுதான் அவருக்குப் புரிந்தது. அம்மா முதல்நாளே விரலைக் காட்டியிருக்கிறாள், எல்லாம் சொல்லியிருக்கிறாள். ஆனால் அந்தத் தளர்ந்த ஸ்பிரிங்தான் அம்மாவுக்கு வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. பழுது என்று நினைத்துவிட்டார். படியிலேயே உட்கார்ந்து அழுதார். ஒரு பெரிய ஆண்பிள்ளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அம்மாதான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

டெம்போ கிளம்ப வேண்டும் என்று ஹாரன் அடித்தார்கள். லூர்து டீச்சர் சாக்பீஸால் முதுகில் 11 என்று எழுதி ஏற்றிவிட்டார்.

ஆகஸ்ட் 31, சனி

தேர்வு பாலிடெக்னிக் கல்லூரியில். அம்மாவுக்கு இரண்டாவது பேட்ச், பதினொன்றரை மணி. காலையில் சுண்டுவிரலையும் மோதிர விரலையும் சேர்த்து பிளாஸ்திரி சுற்றிப் பார்த்தோம். இரண்டு விரலும் சேர்ந்து இரண்டு கீக்களை அமுக்கின. பிரித்துவிட்டோம்.

உள்ளே போகும்போது அம்மா வளையல்களைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள்.

“அம்மா,” என்றேன்.

“என்ன கண்ணு?”

“ஒண்ணுமில்ல. மார்ஜின் வெக்க மறந்துறாத.”

இதைச் சொல்லவா கூப்பிட்டேன்.

வெளியே மதில் ஓரமாக எங்களைப்போல் நிறையப் பேர். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கணவர், டிபன் டப்பாவோடு ஒரு அப்பா. மணி அடித்தது. ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு அறுபது மிஷின்களும் ஒன்றாகத் தொடங்கின. தகரக் கூரையில் நிலக்கடலையைக் கொட்டியதுபோல். அதில் அம்மாவின் சத்தம் எது என்று கேட்கப் பார்த்தேன். முடியவில்லை. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன், எதை என்று தெரியாமல், இருநூறு வரை, அதற்கு மேலும்.

அம்மா வெளியே வந்தபோது வலது கையை இடது கையால் தாங்கியிருந்தாள். சுண்டுவிரல் மோதிர விரல் அளவுக்கு வீங்கியிருந்தது. நகத்தடி கறுத்திருந்தது.

“கையைத் தூக்கித் தூக்கிக் குத்தினேன் சஷ்டி. விரலால அடிக்கல. கையால குத்தினேன். முடிச்சுட்டேன், கடைசி வரி வரைக்கும்.”

“புள்ளியெல்லாம் விழுந்துச்சாம்மா?”

“பாக்கல.” கொஞ்ச தூரம் நடந்தோம். “பாத்திருந்தா நின்னிருப்பேன். முன்பாதி விழுந்துருக்கும். அப்புறம் வலி தெரியல, விரல் இருக்கறதே தெரியல. விழுந்திருக்காது கண்ணு. எனக்குத் தெரியும்.”

இரண்டாவது தாள் இடைவேளைக்குப் பிறகு. அதையும் போய் எழுதினாள்.

செப்டம்பர் 1, ஞாயிறு

அரசு ஆஸ்பத்திரி. எக்ஸ்ரேயில் புது முறிவு ஒன்று, பழைய முறிவு ஒன்று. பழையது கோணலாகக் கூடியிருக்கிறது என்று டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தார். கையில் பெரிய கட்டு. நான் சமைத்தேன். உப்பு அதிகம்.

செப்டம்பர் 2, திங்கள்

கட்டோடு அம்மா அலுவலகம் போய், பிப்ரவரியில் பீரோ கதவு காற்றில் சாத்தி முறிந்தது என்று சொன்னாளாம். துரைராசு சார் சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டுச் சொன்னதை அம்மா அப்படியே எனக்குச் சொன்னாள்.

“ஏம்மா, இதைய பிப்ரவரிலயே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன? ரிசல்ட்டு வர்றதுக்கு முன்னாடி ஒரு மனு குடு. காயம்பட்டதுனால இன்னொரு தவணை கேட்டு எழுதிப் பாக்கறேன். குடுப்பாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா எப்போ, எப்படி ஆச்சுன்னு தெளிவா இருக்கணும். காத்துல சாத்துச்சு கீத்துல சாத்துச்சுன்னு எழுதுனீன்னா மேல இருக்கறவன் சிரிச்சுட்டுக் கட்டு கட்டி வெச்சுருவான்.”

புதன்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

செப்டம்பர் 3, செவ்வாய்

அம்மாவால் எழுத முடியாது. மனுவை நான் தட்டச்சு செய்கிறேன் என்றேன். லூர்து டீச்சர் நான்காம் நம்பரைக் கொடுத்துவிட்டுக் கீழே மருந்துக்கடைக்குப் போய்விட்டார். வேண்டுமென்றேதான் போனார் என்று நினைக்கிறேன். எனக்குப் பத்து விரலால் அடிக்கத் தெரியாது. இரண்டு விரலால் தேடித் தேடி அடித்தேன். புள்ளிக்கு ஆள்காட்டி விரல்.

அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சன்னலைப் பார்த்தபடி சொல்லச் சொல்ல அடித்தேன். அனுப்புநர். பெறுநர். பொருள். பார்வை. ஐயா.

“கடந்த பிப்ரவரி மாதம் பதினெட்டாம் தேதி, எனது வீட்டில்...” என்றாள். நிறுத்தினாள். “பீரோ கதவு காற்றில் வேகமாகச் சாத்திக்கொண்டதில், எனது வலது கைச் சுண்டுவிரல் முறிந்து...”

“அம்மா, அவர்தான் அப்படி எழுத வேண்டாம்னு சொன்னாருல்ல?”

“நான் சொல்றதை அடி. நல்ல காத்து அன்னிக்கு.”

நான் அடித்தேன். அவள் சொன்னதைவிட நான் அடித்தது நீளமாக இருந்தது. வரி முடியும்போது அடிக்கும் மணி இரண்டு தடவை அதிகமாக அடித்தது. அம்மா திரும்பிப் பார்த்தாள். மீதியைச் சொன்னாள். அதையும் அடித்து முடித்துத் தாளை உருவிக் கொடுத்தேன்.

அம்மா தாளைக் கட்டுப் போட்ட கையின்மேல் வைத்துக்கொண்டு மேலிருந்து படித்தாள். மூன்றாவது பத்தியில் நின்றுவிட்டாள். அங்கே நான் இப்படி அடித்திருந்தேன்:

‘கடந்த பிப்ரவரி மாதம் 18ஆம் தேதி மாலை, எனது மகள் சஷ்டிகா, கோபத்தில், எனது கை உள்ளே இருப்பதைப் பார்த்த பிறகு பீரோ கதவைச் சாத்தியதில், எனது வலது கைச் சுண்டுவிரல் முறிந்தது. அவளைக் காப்பாற்றவே நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.’

 நான் மிஷினின் உறையை எடுத்து மடித்தேன். பிரித்து மறுபடி மடித்தேன்.

“பாத்துட்டா சாத்தின?” என்றாள்.

“ஆமாம்மா.”

“எனக்குத் தெரியும். உன் மூஞ்சியப் பாத்தேன் அப்போ.” தாளை மடியில் வைத்தாள். “அதையக்கூட எழுதணுமா? கவனிக்காமச் சாத்துச்சுன்னு இருந்தாலும் போதுமே. நாலு பேர் படிப்பாங்க சஷ்டி. ஃபைல்ல கெடக்கும். நீ நாளைக்கு அதே ஆபீசுக்கு ஏதாச்சும் கேட்டுப் போவ.”

“எழுதணும்மா.”

“இது இருந்தாலும் தவணை குடுப்பாங்கன்னு இல்ல.”

“தெரியும்.”

அம்மா மேசையில் பேனாவைத் தேடினாள். நான் எடுத்து மூடியைக் கழற்றி இடது கையில் கொடுத்தேன். தாள் நகராமல் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டேன். இடது கையால் அவள் கையெழுத்துப் போட்டதே இல்லை. கோ என்ற முதல் எழுத்துக்கே நேரம் எடுத்தது. கோடுகள் நடுங்கின. முழுப் பெயரையும் போட்டு முடித்தாள்.

நாளைக் காலை பத்து மணிக்கு நானும் அம்மாவோடு போகிறேன். பள்ளிக்கு விடுப்புக் கடிதம் எழுதிவிட்டேன். காரணம் என்று கேட்டிருந்த இடத்தில், அலுவலகத்தில் கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறேன்.